எடுத்த நோட்ஸும் கொடுத்த நோட்ஸும்: பிலடெல்பியா, 1946 கோடை

1946 மே மாதம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணித ஆய்வகத்தை நடத்திக்கொண்டிருந்த மாரிஸ் வில்க்ஸைப் பார்க்க கணக்கீட்டு நிபுணர் எல். ஜே. காம்ரி வந்தார். அமெரிக்கா போய்த் திரும்பியிருந்தவர். கையில் ஒரு தட்டச்சுப் பிரதி வைத்திருந்தார். எட்வாக் என்ற, இன்னும் கட்டப்படாத ஒரு கணினியைப் பற்றிய அறிக்கை. எழுதியவர் கணிதவியலாளர் ஜான் வான் நியூமன். காம்ரி அன்றிரவு செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் தங்கிவிட்டு மறுநாள் கிளம்புகிறார்; அதற்குள் படித்துத் திருப்பித் தர வேண்டும். ஜெராக்ஸ் எடுக்க வழியில்லாத காலம். வில்க்ஸ் இரவெல்லாம் உட்கார்ந்து படித்தார். கணினிகள் இனி எந்தத் திசையில் போகும் என்பதில் அன்றிலிருந்து தனக்குச் சந்தேகமே வரவில்லை என்பதைப் பிற்பாடு பதிவு செய்திருக்கிறார்.

கொஞ்ச நாளில் அவருக்கு ஒரு தந்தி வந்தது. பிலடெல்பியாவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மூர் மின்பொறியியல் பள்ளி கோடையில் ஒரு வகுப்பு நடத்துகிறது, வரலாம் என்று அதன் முதல்வர் ஹெரால்ட் பெண்டர் அழைத்திருந்தார். இந்த ஆய்வு அந்த வகுப்பையும், அதிலிருந்து வந்த குறிப்புகளையும் பற்றியது.

பல்கலைக்கழக விரிவுரைக் குறிப்புகளைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான நிகழ்வு எனக்குத் தெரியாது. இதில் பொறியியல் இருக்கிறது, தூய கணிதம் இருக்கிறது, புள்ளியியல் இருக்கிறது. அதைவிட முக்கியமாக, எந்தப் பொருளைப் பற்றிப் பாடம் நடந்ததோ அந்தப் பொருள் அப்போது உலகில் எங்குமே இல்லை. நிரலையும் தரவையும் ஒரே நினைவகத்தில் வைத்துக்கொண்டு ஓடும் கணினி ஒன்றுகூட 1946-இல் இயங்கவில்லை. பார்த்துப் பழக எந்திரம் கிடையாது. விரிவுரையும் அதன் குறிப்பும்தான் அதன் அன்றைய வடிவம்.

பின்னணி

மூர் பள்ளியில்தான் எனியாக் என்ற மின்னணுக் கணினி உருவானது. 1946 பிப்ரவரியில் அதை உலகுக்குக் காட்டினார்கள். சுமார் 18,000 வால்வுகள் (மின்னோட்டத்தைத் திறந்து மூடும் வெற்றிடக் குழாய்கள்), 30 டன் எடை. வேகம் அபாரம். ஆனால் அதற்கு ஒரு புதிய கணக்கைக் கொடுக்க வேண்டுமென்றால் கேபிள்களைப் பிடுங்கி வேறு இடத்தில் சொருக வேண்டும், சுவிட்சுகளை ஒவ்வொன்றாகத் திருப்ப வேண்டும். கணக்கு ஓடுவது நிமிடங்களில். எந்திரத்தைத் தயார் செய்வது நாட்களில்.

இன்னொரு குறை நினைவகம். எனியாக் பத்து இலக்க எண்கள் இருபதைத்தான் மனதில் வைத்துக்கொள்ளும். அந்த இருபதுக்கும் இருபது அலகுகள், அலகுக்குச் சுமார் 550 வால்வுகள். ஆக, இருபது எண்களைப் பிடித்து வைக்கவே பதினோராயிரம் வால்வுகள் போய்விட்டன.

இதற்கு மாற்றை எனியாக்கின் தலைமைப் பொறியாளர் பிரெஸ்பர் எக்கர்ட் போர்க்கால ரேடார் வேலையிலிருந்து கொண்டுவந்தார். ஒரு நீளக் குழாய், உள்ளே பாதரசம். ஒரு முனையில் மின்துடிப்பை ஒலித்துடிப்பாக மாற்றி உள்ளே விடுகிறோம். ஒலி பாதரசத்தில் விநாடிக்கு ஏறத்தாழ 1,450 மீட்டர் போகும். மின்சாரத்தின் வேகத்தோடு ஒப்பிட்டால் இது நடை. ஒன்றரை மீட்டர் குழாயைக் கடக்க ஒரு மில்லிவிநாடி ஆகும். அந்த ஒரு மில்லிவிநாடிக்குள் வரிசையாக நூற்றுக்கணக்கான துடிப்புகளை உள்ளே அனுப்பிவிடலாம். மறுமுனையில் வெளியே வருவதைச் சரிசெய்து மறுபடி முதல் முனைக்கே அனுப்பினால், அவை சுற்றிக்கொண்டே இருக்கும். சுற்றிக்கொண்டிருக்கும் வரை நினைவில் இருக்கும். சில வால்வுகளும் ஒரு குழாய் பாதரசமும் போதும். பின்னாளில் வில்க்ஸ் கட்டிய எந்திரத்தில் இப்படி ஒரு குழாயில் 576 துடிப்புகள் ஓடின. எனியாக்கில் பதினோராயிரம் வால்வு கேட்ட வேலையின் அளவை இதோடு வைத்துப் பாருங்கள்.

நினைவகம் மலிவானதும், எண்களோடு சேர்த்து கட்டளைகளையும் அதிலேயே வைத்துவிடலாம் என்ற எண்ணத்துக்கு இடம் கிடைத்தது. கேபிள் சொருகும் வேலையே போய்விடும். மூர் பள்ளிக் குழுவும் வான் நியூமனும் 1945 வசந்தத்தில் உட்கார்ந்து பேசியதன் சாரத்தை, வான் நியூமன் லாஸ் அலமோஸிலிருந்து கையால் எழுதித் தபாலில் அனுப்பினார். ராணுவத்தின் சார்பில் எனியாக் திட்டத்தைக் கவனித்த ஹெர்மன் கோல்ட்ஸ்டைன் அதைத் தட்டச்சு செய்ய வைத்து, 1945 ஜூன் 30 தேதியிட்டு, 24 பேருக்கு அனுப்பினார். 101 பக்கம். முதல் பக்கத்தில் ஒரே ஒரு பெயர், வான் நியூமனுடையது. மேற்கோள் எண்கள் வர வேண்டிய இடங்களில் வெற்றிடம் விட்டிருந்தது. அவற்றை யாரும் நிரப்பவே இல்லை. காம்ரி கொண்டுவந்தது இதன் பிரதியைத்தான்.

இதை நான் ஒரு கூட்டக் குறிப்பு என்றே பார்க்கிறேன். பலர் பேசியதை ஒருவர் தன் மொழியில், தன் அறிவால் ஒழுங்குபடுத்தி எழுதியது. எழுதிய கை மிகப் பெரிய கை, அதனால் குறிப்பு மிகத் தெளிவாக வந்தது. ஆனால் குறிப்பு எழுதியவரின் பெயரே கருத்துக்கும் பெயராகிவிட்டது. எக்கர்ட்டுக்கும், அவரோடு சேர்ந்து எனியாக்கை உருவாக்கிய ஜான் மாக்லிக்கும் இதனால் ஏற்பட்ட மனக்காயம் கடைசிவரை ஆறவில்லை. காயத்தோடு நிற்கவில்லை விஷயம். 1947-இல் வழக்கறிஞர்கள் உட்கார்ந்து பார்த்தபோது, இந்த வரைவு வெளியே சுற்றுக்கு விடப்பட்டதே ஒரு வெளியீடுதான், ஆகவே அதிலுள்ள கருத்துகளுக்குக் காப்புரிமை கேட்க முடியாது என்ற முடிவுக்கு வந்தார்கள். உலகத்துக்கு அது பெரிய லாபம். அவர்கள் இருவருக்கும் நஷ்டம். இரண்டையும் சேர்த்தேதான் சொல்ல வேண்டும்.

வகுப்பு

1946 ஜூலை 8 முதல் ஆகஸ்ட் 31 வரை எட்டு வாரம். அழைக்கப்பட்டவர்கள் மட்டும் வரலாம். மாணவர்கள் 28 பேர். மாணவர்கள் என்று சொன்னாலும் எல்லோரும் ஏற்கெனவே ஆய்வகங்களிலும் அரசுத் துறைகளிலும் வேலை பார்ப்பவர்கள். பணம் ராணுவத்தின் ஆயுதத் துறையிலிருந்தும் கடற்படையிலிருந்தும் வந்தது. காலையில் விரிவுரை, பிற்பகலில் கலந்துரையாடல்.

பேசியவர்களின் பட்டியலைப் படிக்கும்போது இப்போதும் மலைப்பாக இருக்கிறது. ஹார்வர்டின் ஹோவர்ட் எய்க்கன், பெல் ஆய்வகத்தின் ஜார்ஜ் ஸ்டிபிட்ஸ், இங்கிலாந்திலிருந்து டக்ளஸ் ஹார்ட்ரீ, எண்கோட்பாட்டுக்காரர் டெரிக் லேமர், கணிதவியலாளர் ஹான்ஸ் ராடமாக்கர், ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் யான் ராய்க்மன், அப்புறம் வீட்டு ஆட்களான கோல்ட்ஸ்டைன், ஆர்தர் பர்க்ஸ். எக்கர்ட்டும் மாக்லியும் அந்த மார்ச்சிலேயே பல்கலைக்கழகத்தை விட்டு விலகிவிட்டார்கள். காப்புரிமையைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதித் தர முடியாது என்பது காரணம். ஆனாலும் இந்த வகுப்புக்கு விரிவுரையாளர்களாகத் திரும்பி வந்து பேசினார்கள். கோபித்துக்கொண்டு போன வீட்டுக்குச் சில மாதங்களிலேயே வந்து, தெரிந்ததையெல்லாம் எடுத்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

பாடத்திட்டத்தில் எனியாக்குக்குத் தனி இடம் முதலில் வைக்கப்படவில்லை. அடுத்து வரப்போவதைச் சொல்வதே நோக்கம். ஆனால் கண்ணெதிரே நிற்கும் எந்திரத்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்று மாணவர்கள் கேட்டார்கள். அதற்கும் நேரம் ஒதுக்கப்பட்டது. வகுப்பில் உட்கார்ந்த யாருக்கும் இது புரியும். ஓடுகிற ஒன்றைப் பார்த்துவிட்டால் ஓடாத ஒன்றை மனதில் கட்டுவது எளிது.

குறிப்புகள் எப்படி உருவாயின

விரிவுரைகளைக் கம்பிப் பதிவு எந்திரத்தில் பதிவு செய்தார்கள். காந்த நாடா பரவலாவதற்கு முந்தைய தொழில்நுட்பம். தலைமுடி போன்ற எஃகுக் கம்பியில் குரல் ஏறும். கம்பி அறுந்தால் முடிச்சுப் போட்டு ஒட்ட வேண்டும், சிக்கினால் சிக்கெடுக்க வேண்டும். பதிவைக் கேட்டு எழுத்தாக்கி, திருத்தி, நான்கு தொகுதிகளாகப் பள்ளி வெளியிட்டது. எல்லாமாக 48 விரிவுரைகள். முதல் இரண்டு தொகுதிகள் 1947-இன் பிற்பகுதியில் வந்தன. மூன்றாவதும் நான்காவதும் 1948 ஜூன் இறுதியில்.

இந்தத் தேதிகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு இங்கே திரும்பி வருகிறேன்.

48-இலும் எல்லாமே எழுத்தாகக் கிடைக்கவில்லை. சில விரிவுரைகளுக்குச் சுருக்கம் மட்டும். சிலவற்றுக்கு அதுவும் இல்லை. இருப்பவற்றிலும் ஒரு சிக்கல் உண்டு. கம்பியில் குரல் ஏறும், கரும்பலகை ஏறாது. "இங்கிருந்து இது இப்படிப் போகிறது" என்று ஒருவர் சாக்கட்டியால் கோடு போட்டபடி சொல்லும்போது, அந்தக் கோடு இல்லாமல் அந்த வாக்கியம் வெறும் சத்தம். பொறியியல் பாடத்தில் பாதி, படம்தான். பேச்சைத் துல்லியமாகப் பிடித்துவிட்டால் பாடத்தைப் பிடித்துவிட்டோம் என்று நினைப்பவர்களுக்கு இந்தத் தொகுதிகளைக் காட்டலாம்.

உள்ளே இருப்பவை: இரண்டு இடங்கள்

நான்கு தொகுதிகளையும் இங்கே விளக்க முடியாது, விளக்கவும் வேண்டாம். இரண்டு இடங்களை மட்டும் பக்கத்தில் போய்ப் பார்ப்போம்.

முதலாவது, மாக்லி வரிசைப்படுத்துதல் பற்றிப் பேசியது. அன்று கணினி என்றால் எண்களை அரைக்கும் ஆலை. குண்டு எங்கே விழும் என்று கணக்குப் போடும் எந்திரம். அதை வைத்துப் பெயர்ப் பட்டியலை அடுக்கலாம், தேடலாம், இரண்டு பட்டியல்களை ஒன்றாகக் கோக்கலாம் என்று மாக்லி பேசினார். எண் அல்லாத வேலைகளுக்கு நிரல் எழுதுவது பற்றி அச்சில் வந்த முதல் பேச்சு அநேகமாக இதுதான் என்று, நிரல்முறைகளின் வரலாற்றை ஆழமாகத் தோண்டிய டொனால்ட் க்னூத் கருதுகிறார். இன்று கணினி அறிவியல் முதலாண்டில் சொல்லித்தரும் பைனரி தேடலும் அதில் வருகிறது. அடுக்கிய பட்டியலின் நடுவே பார், தேடுவது அதற்கு முன்னா பின்னா என்று முடிவு செய், பாதியைத் தள்ளு, மிஞ்சிய பாதியில் மறுபடி நடுவே பார். ஆயிரம் பெயர் இருந்தாலும் பத்து முறை பார்த்தால் போதும்.

யோசனை ஒரே வரியில் அடங்கிவிடுகிறது. ஆனால் பட்டியலில் ஏழு பெயர் இருந்தால் நடு என்பது நாலாவது, இருபுறமும் மும்மூன்று, அதிலும் நடு உண்டு, எல்லாம் அழகாகப் பொருந்தும். ஆறு பெயர் இருந்தால்? நடுவே எதுவும் இல்லை. மூன்றாவதை எடுப்பதா, நாலாவதையா? எடுத்தபின் இரு பக்கமும் சமமில்லை, எப்போது நிறுத்துவது? இரண்டின் அடுக்கில் ஒன்று குறைந்த எண்ணிக்கைகளான 3, 7, 15, 31 தவிர மற்ற எல்லாவற்றுக்கும் இந்தத் தொல்லை உண்டு. க்னூத்தின் கணிப்புப்படி, எந்த எண்ணிக்கைக்கும் ஒத்துவரும் முறையை முதலில் அச்சில் கொடுத்தவர் டெரிக் லேமர், 1960-இல். அதே கோடையில், அதே வகுப்பில் விரிவுரை நிகழ்த்திய அதே லேமர். இடையில் பதினான்கு ஆண்டுகள்.

குறிப்பு படிப்பவர்கள் எல்லோருக்கும் இந்த அனுபவம் இருக்கும். படிக்கும்போது புரிந்தது போலவே இருக்கும், கையில் எழுதிப் பார்க்க உட்கார்ந்தால்தான் ஆறு பெயர்ப் பட்டியல் எதிரே வந்து நிற்கும். ஏழு பெயருக்கு எழுதிய குறிப்பில் தவறில்லை. அது ஏழு பெயருக்கு எழுதிய குறிப்பு, அவ்வளவுதான்.

இரண்டாவது இடம் ராடமாக்கர். அவர் எடுத்துக்கொண்டது, எனியாக் போன்ற எந்திரத்தில் நீண்ட கணக்குப் போடும்போது பிழை எப்படிச் சேர்கிறது என்ற கேள்வி. ஒரு குண்டின் பாதையைக் கணக்கிட வேண்டுமானால் அதைச் சின்னச் சின்னப் படிகளாக உடைத்து, ஒவ்வொரு படியிலும் அடுத்த நிலையைக் கணக்கிட வேண்டும். படி சிறியதாக இருந்தால் சூத்திரத்தின் பிழை குறையும். அப்படியானால் படியை இன்னும் இன்னும் சிறியதாக்கிக்கொண்டே போகலாமா? முடியாது. ஒவ்வொரு படியிலும் எந்திரம் கடைசி இலக்கத்தை முழுமையாக்குகிறது, அதாவது மீதியை விட்டுவிட்டு அருகிலுள்ள இலக்கத்தை எடுத்துக்கொள்கிறது. அதில் அரை அலகு வரை பிழை வரும். படிகள் கூடக் கூட இந்தச் சில்லறைப் பிழைகளும் கூடும்.

எவ்வளவு கூடும் என்பதில்தான் புள்ளியியல் உள்ளே வருகிறது. 10,000 படிகள் என்று வைத்துக்கொள்வோம். எல்லாப் பிழையும் ஒரே பக்கமாகச் சாய்ந்தால், மிக மோசமான நிலையில் 5,000 அலகு பிழை. கடைசி நான்கு இலக்கமும் குப்பை. ஆனால் பிழைகள் ஒரு முறை மேலே, ஒரு முறை கீழே என்று தற்செயலாக விழுகின்றன என்று எடுத்துக்கொண்டால், ஒன்றையொன்று பெரும்பாலும் கழித்துவிடும். ஒரு படியின் பிழைக்குத் திட்டவிலக்கம் (பிழை வழக்கமாக எவ்வளவு சிதறும் என்பதன் அளவு) பன்னிரண்டின் வர்க்கமூலத்தால் ஒன்றை வகுத்தது, அதாவது சுமார் 0.29. பத்தாயிரம் படிக்கு அது பத்தாயிரத்தின் வர்க்கமூலமான நூறு மடங்காகும்: 29 அலகு. ஐயாயிரம் எங்கே, இருபத்தொன்பது எங்கே! ஓர் எந்திரத்துக்கு எத்தனை இலக்கம் வேண்டும், அதாவது எத்தனை வால்வு வாங்க வேண்டும் என்பதையே இந்தக் கணக்கு மாற்றிவிடும். படியைச் சிறிதாக்கும் லாபமும் முழுமையாக்கும் நஷ்டமும் சந்திக்கும் ஓரிடம் உண்டு, அதுதான் சரியான படி அளவு. வால்வும் பாதரசமும் பேசிக்கொண்டிருந்த வகுப்பில், நிகழ்தகவு தெரியாமல் எந்திரத்தை வடிவமைக்க முடியாது என்று ஒரு கணிதக்காரர் எழுந்து நின்று காட்டியிருக்கிறார். அறிவியல், பொறியியல், புள்ளியியல் என்று தனித்தனிக் கட்டடங்களில் பிள்ளைகளை உட்கார வைக்கிறோம். இந்த ஒரு பாடத்தில் மூன்றும் ஒரே கரும்பலகையில் இருந்தன.

தாமதமாக வந்த மாணவர்

வில்க்ஸ் தந்தி கிடைத்ததும் கிளம்பிவிட முடியவில்லை. போர் முடிந்து ஓராண்டுகூட ஆகாத நேரம். கப்பலில் இடம் கிடைப்பது பெரும்பாடு. ஒருவழியாக அவர் பிலடெல்பியா போய்ச் சேர்ந்தபோது ஆகஸ்ட் பாதி முடிந்துவிட்டது. எட்டு வாரத்தில் கடைசி இரண்டு வாரம்தான் அவருக்குக் கிடைத்தது.

நியாயமாகப் பார்த்தால் பின்தங்கிய மாணவர். ஆனால் அந்த வகுப்பிலிருந்து போனவர்களில், நிரல் சேமிப்புக் கணினியை முழு அளவில் கட்டி, அன்றாடப் பயன்பாட்டுக்கு முதலில் கொண்டுவந்தவர் அவரே. மே மாதத்தில் ஓர் இரவு கண் விழித்துப் படித்தது அடித்தளம் போட்டிருந்தது. அதன் மேல் இந்த இரண்டு வாரம் ஏறி உட்கார்ந்தது. இங்கிலாந்து திரும்பும்போது குவீன் மேரி கப்பலிலேயே தன் எந்திரத்தின் வரைபடத்தைத் தொடங்கிவிட்டார். எட்வாக்கின் பெயரை ஒட்டியே அதற்கு எட்சாக் என்று பெயர் வைத்தார். பாதரசக் குழாய்களோடு, 1949 மே 6 அன்று எட்சாக் முதல் நிரலை ஓட்டி, வர்க்க எண்களின் அட்டவணையை அச்சடித்தது.

மான்செஸ்டரிலிருந்து அந்த வகுப்புக்கு வந்தவர் டேவிட் ரீஸ். அங்கே கணிதப் பேராசிரியராக இருந்த மேக்ஸ் நியூமன் அனுப்பிய ஆள். மான்செஸ்டரில் பாதரசத்தை விட்டுவிட்டு, தொலைக்காட்சிக் குழாய் போன்ற ஒன்றில் மின்னூட்டப் புள்ளிகளை நினைவகமாக்கும் வழியை எடுத்தார்கள். அங்கே கட்டிய சிறு சோதனை எந்திரம் 1948 ஜூன் 21 அன்று ஓடியது. உலகில் நிரலைத் தன் நினைவகத்தில் வைத்து ஓட்டிய முதல் மின்னணுக் கணினி அது. வாஷிங்டனில் தேசியத் தரநிலைப் பணியகத்திலிருந்து வந்திருந்த சாமுவேல் அலெக்சாண்டர், 1950-இல் சீயாக் என்ற கணினியை அங்கே இயக்கத்துக்குக் கொண்டுவந்தார்.

இப்போது அந்தத் தேதிகளுக்குத் திரும்புவோம். அதிகாரபூர்வக் குறிப்புகளின் கடைசித் தொகுதிகள் வந்தது 1948 ஜூன் இறுதியில். மான்செஸ்டர் எந்திரம் அதற்குள் ஓடிவிட்டது. எட்சாக்கைக் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. அதாவது, கட்டியவர்கள் பள்ளி கொடுத்த நோட்ஸுக்காகக் காத்திருக்கவில்லை. தாங்கள் எடுத்த நோட்ஸை வைத்துக் கட்டினார்கள்.

இந்த நிகழ்விலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் முடிவு இதுதான், அதை நேராகவே சொல்கிறேன். கொடுத்த நோட்ஸ் முழுமையை நோக்கிப் போகிறது. எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டும், தவறு இருக்கக்கூடாது, திருத்த வேண்டும், அச்சுக்குப் போக வேண்டும். அதற்குள் இரண்டு வருஷம் ஓடிவிடும். எடுத்த நோட்ஸ் ஒரு ஆளுக்கானது. அவருக்குத் தெரிந்ததை அவர் எழுதுவதில்லை, தெரியாததை மட்டும் எழுதுகிறார். எந்தக் கேள்வியோடு வகுப்புக்குப் போனாரோ அந்தக் கேள்விக்கான பதிலை மட்டும் எழுதுகிறார். இன்னொருவர் கையில் கொடுத்தால் பாதி விளங்காது. ஆனால் எழுதியவர் கையில் அது உடனே வேலைக்கு ஆகும். வில்க்ஸ் காம்ரியின் பிரதியை நகலெடுக்க முடியாமல் போனதை நான் இழப்பாகப் பார்க்கவில்லை. நகல் கிடைத்திருந்தால் அன்றிரவு அவர் நன்றாகத் தூங்கியிருப்பார்.

அதற்காகக் கொடுத்த நோட்ஸ் வீண் என்று சொல்லவில்லை. மாக்லியின் பைனரி தேடலை நாம் இன்று பேச முடிவதே யாரோ கம்பியைக் கேட்டு எழுதியதால்தான். அது கட்டுபவனுக்கு உதவவில்லை. பின்னால் வருபவனுக்கு உதவுகிறது. இரண்டும் வெவ்வேறு பொருட்கள், இரண்டையும் ஒரே பெயரில் அழைக்கிறோம் என்பதுதான் குழப்பம்.

குறிப்பில் ஏறாதவர்கள்

ஒன்றைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. எனியாக்கை உண்மையில் ஓட வைத்தவர்கள் ஆறு பெண்கள்: கே மெக்நல்ட்டி, ஜீன் ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், ஃபிரான்சஸ் பிலாஸ், ரூத் லிக்டர்மன். வரைபடங்களை மட்டும் வைத்துக்கொண்டு அந்த எந்திரத்துக்கு நிரல் அமைக்கக் கற்றுக்கொண்டவர்கள். எந்த வால்வு கெட்டுப்போனால் எந்தக் கணக்கு எப்படித் தப்பாகும் என்று தெரிந்தவர்கள். 1946 விரிவுரையாளர் பட்டியலில் அவர்களில் ஒருவர் பெயரும் இல்லை. நிரல் எழுதும் கலையின் முதல் அனுபவ அறிவு அவர்களிடம் இருந்தது. அந்த அறிவு மேடை ஏறவில்லை, ஆகவே கம்பியிலும் ஏறவில்லை, ஆகவே தொகுதிகளிலும் இல்லை. பெட்டி ஸ்னைடர் பிறகு எக்கர்ட், மாக்லியோடு சேர்ந்து வேலை செய்து, வரிசைப்படுத்தும் நிரல்களைத் தானாக உருவாக்கித் தரும் நிரலையே எழுதினார். அவருக்கு ஒரு மணி நேரம் அந்தக் கரும்பலகை கிடைத்திருந்தால் அந்த நான்கு தொகுதிகளில் என்ன இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

வகுப்பு நடத்திய மூர் பள்ளிக்கும் பெரிய லாபம் கிடைக்கவில்லை. ஆட்கள் ஒவ்வொருவராகப் பிரிந்து போனார்கள். எட்வாக் முறையாக ஓடத் தொடங்கியது 1950களின் தொடக்கத்தில்தான். பாடம் கேட்டுப் போனவர்கள் அதற்கு முன்பே கட்டி ஓட்டிவிட்டார்கள்.

பின்னர்

எட்சாக்கைப் புள்ளியியலாளர் ஆர். ஏ. ஃபிஷர் பயன்படுத்திக்கொண்டார். அவர் அப்போது கேம்பிரிட்ஜில் மரபியல் பேராசிரியர். ஒரு மரபணு நிலப்பரப்பின் ஒரு பக்கத்தில் சாதகமாகவும் மறுபக்கத்தில் பாதகமாகவும் இருந்தால், நடுவே அதன் விகிதம் எப்படி மாறிக்கொண்டு போகும் என்ற கேள்விக்கு ஒரு வகைக்கெழுச் சமன்பாடு இருந்தது. கையால் தீர்ப்பது கடினம். எட்சாக் அதைத் தீர்த்துத் தர, 1950-இல் ஃபிஷரின் கட்டுரை வெளிவந்தது. உயிரியலில் ஒரு கணினி விடை சொன்ன மிக ஆரம்பகாலத் தருணங்களில் ஒன்று. ராடமாக்கர் கரும்பலகையில் போட்ட மாதிரியான கணக்கு அந்த விடையின் ஒவ்வொரு படியிலும் வேலை செய்திருக்கும்.

வில்க்ஸ் தன் பங்குக்குக் கேம்பிரிட்ஜிலேயே கோடை வகுப்புகளைத் தொடங்கினார். 1951-இல் அப்படி ஒரு மூன்று வார வகுப்புக்கு நெதர்லாந்திலிருந்து எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்ற 21 வயது இயற்பியல் மாணவர் வந்து உட்கார்ந்தார். நிரலாக்கத்தைத் தொழிலாக எடுத்துக்கொண்டு அந்தத் துறையின் சிந்தனையையே மாற்றியவர்களில் ஒருவரானார்.

மூர் பள்ளித் தொகுதிகள் வெகுகாலம் அபூர்வப் பொருளாகவே நூலகங்களில் கிடந்தன. 1985-இல் மார்ட்டின் கேம்பெல் கெல்லியும் மைக்கேல் வில்லியம்ஸும் அவற்றை ஒரே நூலாகப் பதிப்பித்தார்கள். அப்போது விடுபட்ட விரிவுரைகளின் இடம் காலியாகவே நின்றது. கம்பி பிடிக்கவில்லை, திருத்தியவர்களிடமும் இல்லை. எம்.ஐ.டி.யிலிருந்து வந்து அந்த வகுப்பில் உட்கார்ந்த ஃபிராங்க் வெர்சு என்ற மாணவர், 1946 கோடையில் தனக்காகத் தன் கையால் எழுதிய குறிப்புகளை வைத்திருந்தார். காலியிடங்களில் அவற்றைத்தான் அச்சிட்டார்கள்.